மேசைக்கு அடியில் இருந்தவள்

‘இரட்டைச் சாவி’ நகைச்சுவைத் தொடரின் புதிய சீசனில் மூன்றாவது பாகம் ஒளிபரப்பான மறுநாள் காலை, கலியோப்பி ரொட்டிக் கடைக்குப் போனபோது வரிசையில் ஏழு பேர் நின்றிருந்தார்கள். ஏழு பேரிடமும் தீர்ப்பு தயாராக இருந்தது.

“பழசு மாதிரி இல்லம்மா,” என்றாள் கடைக்காரி ஃபொத்தினி, கீரை அடைத்த ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே. “எம் புருஷன் பாதியில எழுந்து போய்ப் பல்லு வெளக்க ஆரம்பிச்சுட்டாரு.”

“அந்த நடிகை மிர்சினிக்கு முகத்தை இழுத்துத் தெச்சிருக்காங்க, அதான் சிரிப்பே வரல,” என்றாள் வரிசையில் நின்ற இன்னொருத்தி.

“அவ முகத்துக்கு என்ன? எழுதினவனுங்கதான் சரியில்ல. சுற்றுலாக்காரனுக்கு வீட்டை வாடகைக்கு விடறதெல்லாம் ஒரு கதையா? அதைத்தான் எங்க மாடியிலயே தினம் பாக்கறோமே.”

கலியோப்பி பர்ஸில் சில்லறை தேடினாள். ஏதென்ஸின் அந்தத் தெருவில் அவள் முப்பத்தைந்து வருஷமாக இருக்கிறாள். அவள் அந்தத் தொடரில் வேலை பார்த்தவள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் என்ன வேலை என்று கேட்டால் யாருக்கும் சரியாகச் சொல்ல வராது. “ஏதோ நோட்டுல எழுதுவாங்க” என்பார்கள். அதுவும் உண்மைதான். போன காட்சியில் கண்ணாடித் தம்ளர் எந்தக் கையில் இருந்தது, கதவு எவ்வளவு திறந்திருந்தது, சட்டையில் எத்தனை பொத்தான் போட்டிருந்தது என்று பார்த்துக் குறித்துக்கொள்வதுதான் அவள் தொழில். காட்சிக்குக் காட்சி எதுவும் மாறிவிடக் கூடாது. புதிய சீசன் எடுக்கப் போகிறோம் என்று தீர்மானித்ததும், பழைய வீட்டின் ஒவ்வொரு ஆணியும் எங்கே இருந்தது என்று சொல்ல ஆள் வேண்டும் என்பதற்காக அவளை மறுபடி கூப்பிட்டிருந்தார்கள். அப்போது அவளுக்கு அறுபத்து மூன்று வயது. வேலை நின்று ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

புதியது ஏன் பழையது மாதிரி இல்லை என்று அந்த ரொட்டிக் கடையில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் கீரை ரொட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

செத்துப்போன ஒரு சித்தப்பா ஒரே வீட்டை இரண்டு பேருக்கு எழுதி வைத்துவிடுகிறார். மனைவி துரத்திவிட்ட காப்பீட்டு முகவர் மெனியோஸிடம் ஒரு சாவி, முடி அலங்காரம் செய்யும் ரிட்சாவிடம் ஒரு சாவி. இரண்டு பேரும் வெளியேற மாட்டேன் என்கிறார்கள். இவ்வளவுதான் ‘இரட்டைச் சாவி’. தொண்ணூற்று மூன்றிலிருந்து தொண்ணூற்று ஏழு வரை நான்கு வருஷம் ஓடியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆகஸ்டிலும் மத்தியானம் மூன்று மணிக்கு, ஊரே வெயிலுக்குப் பயந்து ஜன்னல் பலகைகளைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும் நேரத்தில், அதை மறுபடி மறுபடி போட்டார்கள். அந்த நான்கு வருஷத்தில் பிறந்தே இராத பிள்ளைகளுக்கும் வசனம் மனப்பாடம்.

வசனம் மனப்பாடமாக இல்லாத ஒரே ஆள் மெனியோஸாக நடித்த ஸ்திராதிஸ்தான்.

ஸ்திராதிஸ் நாடகத்திலிருந்து வந்தவர். ஒரு வேஷத்துக்கு நாற்பது நாள் ஒத்திகை பார்த்துப் பழகியவர். இங்கே எழுத்தாளர் விடியற்காலையில் எழுதி, ஏழு மணிக்கு ஃபாக்ஸில் அனுப்புவார்; ஒன்பது மணிக்குப் படப்பிடிப்பு. முதல் வாரத்தில் ஸ்திராதிஸ் ஒரே காட்சியில் பதினெட்டு தடவை வசனம் வராமல் நின்றுபோனார். பத்தொன்பதாவது தடவைக்கு முன்னால் இயக்குநர் அறையைச் சுற்றிப் பார்த்தார். சாப்பாட்டு மேசைமேல் தரையைத் தொடுகிற மாதிரி ஆரஞ்சுப் பூப்போட்ட துணி விரித்திருந்தது. அவர் பார்வை அங்கிருந்து கலியோப்பியிடம் வந்தது. அவள்தான் அந்த அறையில் ஒல்லியானவள்.

“நீ அடியில போ,” என்றார்.

அன்றிலிருந்து நான்கு வருஷம் அவள் பெரும்பாலும் அடியில்தான் இருந்தாள். துணியின் ஒரு பக்கத்தைக் கேமராவுக்குத் தெரியாமல் தூக்கி ஊசி குத்தி வைத்திருந்தார்கள். ரிட்சாவாக நடித்த மிர்சினி கேள்வி கேட்பாள். ஸ்திராதிஸ் வாயைத் திறப்பார், ஒன்றும் வராது, கண் மெல்லக் கீழே இறங்கும். கலியோப்பி முதல் மூன்று வார்த்தையை முணுமுணுப்பாள். அவர் நிமிர்ந்து பதில் சொல்வார். மெனியோஸ் அந்த மேசையை விட்டு அதிகம் நகராததற்குக் காரணம் கதை அல்ல.

இரண்டாம் வருஷத்தில் ஒரு நாள், ஃபாக்ஸ் காகிதத்தில் மை படர்ந்து ஒரு வரி அழிந்திருந்தது. “நேத்து ராத்திரி எங்க இருந்த?” என்று ரிட்சா கேட்க, ஸ்திராதிஸ் கீழே பார்த்தார். கலியோப்பி காகிதத்தைக் காட்டி உதட்டைப் பிதுக்கினாள். மேலாளருடைய மாமியாருக்கு ஆயுள் காப்பீடு விளக்கிக்கொண்டிருந்ததாக மெனியோஸ் நீளமாக ஒரு பொய் சொல்ல வேண்டிய இடம் அது. ஏழு விநாடி கழித்து ஸ்திராதிஸ் சொன்னார்: “கீழ.”

அவ்வளவுதான். நாடே அதைப் பிடித்துக்கொண்டது. காபிக் கோப்பையில் அச்சடித்தார்கள். வேலைக்குத் தாமதமாக வந்தவன் மேலதிகாரியிடம் “கீழ” என்றான். ஒரு மனிதனின் மொத்தக் கோழைத்தனமும் அந்த ஏழு விநாடியில் தெரிகிறது என்று ஒரு பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதினார்கள். ஸ்திராதிஸுக்கு விருது கிடைத்தது. தொடர் முடிந்ததும் நாடகப் பள்ளியில் பாடம் நடத்தக் கூப்பிட்டார்கள். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் எப்படி நிற்பது என்று இருபது வருஷம் அவர் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த வகுப்புக்குப் பெயரே ‘இடைவெளி’.

படப்பிடிப்பில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேருக்கு மட்டும் விஷயம் தெரியும். வெளியே சொல்லாதே என்று யாரும் யாரிடமும் சொன்னதில்லை. விருது கிடைத்த பிறகு அது தானாகவே சொல்லக் கூடாத ஒன்றாக ஆகிவிட்டது. இயக்குநரும் எழுத்தாளரும் செத்தும் போனார்கள்.

இப்போது எடுக்கிற புதிய சீசனில் எல்லாம் ஒழுங்கு. நான்கு எழுத்தாளர்கள், மூன்று மாதம் முன்னாலேயே வசனம் கைக்கு வந்துவிட்டது. ஊருக்கு வெளியே கொரோப்பியில் பழைய கிடங்கு ஒன்றை ஸ்டூடியோவாக்கி, எதிரே எண்பது நாற்காலி போட்டு ரசிகர்களை உட்கார வைத்துப் படம்பிடித்தார்கள். எழுபத்திரண்டு வயது ஸ்திராதிஸ் ஒரு எழுத்துத் தப்பாமல் பேசினார். இடைவெளி விட வேண்டிய இடத்தில் இடைவெளி விட்டார். கண்ணைக் கீழே இறக்கினார். விநாடிக் கணக்குக்கூட அதேதான். எண்பது பேரும் மரியாதையாகக் கை தட்டினார்கள்.

நான்காவது பாகம் ஒளிபரப்பான வாரம், இயக்குநர் மெல்போ அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். மெல்போவுக்கு முப்பத்தாறு வயது. ஆகஸ்ட் மத்தியானங்களில் இந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்தவள்; இதைத் திரும்ப எடுக்க வேண்டுமென்று மூன்று வருஷம் சேனல்காரர்களின் வாசலில் நின்றவள். மேசைமேல் பத்திரிகைகள் கிடந்தன.

“கலியோப்பி அம்மா, நீங்க அங்க இருந்தவங்க. ஒளிக்காம சொல்லுங்க. என்ன குறையுது?”

“ஃபிரிட்ஜ் கதவு இடது பக்கமாத் தொறக்கணும். நான் முதல் நாளே சொன்னேன்.”

“ஃபிரிட்ஜைப் பாத்தா ஜனங்க சிரிச்சாங்க?”

கலியோப்பி அந்தப் பத்திரிகைகளை ஒழுங்காக அடுக்கினாள்.

“ஆளுங்க அதே ஆளுங்க,” என்றாள் மெல்போ. “மேசை அதே மேசை. துணியைக்கூட தேடிப் பிடிச்சு அதே மாதிரி நெய்ய வெச்சேன். ஆனா ஸ்திராதிஸ் நிறுத்தினா எனக்கு ஒண்ணும் ஆக மாட்டேங்குது. சின்ன வயசுல அவர் நிறுத்தினா நான் மூச்சைப் பிடிச்சுக்குவேன்.”

அன்றைக்கு மேசை ரகசியத்தை ஏன் சொன்னோம் என்று பிறகு பல நாள் கலியோப்பி யோசித்திருக்கிறாள். மெல்போவின் மேல் இரக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். அது முழு உண்மை அல்ல. அந்த ஏழு விநாடியில் பாதி தன்னுடையது என்று இந்த உலகத்தில் ஒரு ஆளுக்காவது தெரியட்டும் என்ற ஆசை அவளுக்கு எங்கோ இருந்திருக்கிறது. அதை அவளே அன்றுதான் கண்டுபிடித்தாள்.

அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது மெல்போ நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“அப்ப அது நடிப்பே இல்லயா?”

“பயம்,” என்றாள் கலியோப்பி. “நல்லாப் பயப்படுவார்.”

மெல்போவுக்கு யோசனை உடனே வந்துவிட்டது. வியாழக்கிழமை ஆறாவது பாகம். காலையில் வந்ததும் மேசைக் காட்சியின் வசனத்தை மாற்றிக் கையில் கொடுத்துவிடுவது. எழுத்தாளர்கள் திருத்திவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். கலியோப்பி பழைய இடத்தில் உட்கார வேண்டியது.

“ஸ்திராதிஸ்கிட்ட சொல்லிடணும்,” என்றாள் கலியோப்பி.

“சொன்னா பயப்படற மாதிரி நடிப்பார். அதுதான் இப்பவே நடக்குதே.”

அது சரிதான் என்று கலியோப்பிக்குப் பட்டது. அவள் அதற்கு மேல் மறுக்கவில்லை. முழங்கால் வலியைக்கூடச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை ஒப்பனை நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஸ்திராதிஸின் கையில் இரண்டு புதிய தாள்களைக் கொடுத்தார்கள். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். பிறகு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

“இது எப்ப எடுக்கறீங்க?”

“பதினோரு மணிக்கு.”

“இன்னிக்கா?”

பக்கத்து நாற்காலியில் இருந்த மிர்சினி கண்ணாடியிலேயே அவரைப் பார்த்தாள். “என்னய்யா, பழைய காலம் திரும்பிடுச்சா?” என்றாள். அவர் சிரிக்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். பத்தே முக்கால் வரை அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது.

பார்வையாளர்கள் வருவதற்கு முன்னாலேயே கலியோப்பி மேசைக்கு அடியில் போய்விட்டாள். முன்பு சம்மணம் போட்டு உட்கார்ந்த இடம். இப்போது ஒரு குஷனைப் போட்டுக்கொண்டு ஒரு காலை நீட்டித்தான் உட்கார முடிந்தது. துணி புதுத் துணி, கஞ்சி வாடை அடித்தது. வெளியே எண்பது பேர் உட்காரும் சத்தம், செல்போன்களை ஒரு கூடையில் வாங்கிக்கொள்ளும் சத்தம், பிறகு விளக்கு.

காட்சி இதுதான். வாடகைக்கு வந்த டென்மார்க்காரர்களின் பெட்டி காணாமல் போயிருக்கிறது. அதை மெனியோஸ் தவறுதலாகக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டான். ரிட்சா விசாரிக்கிறாள்.

“பெட்டி எங்க?” என்றாள் மிர்சினி.

ஸ்திராதிஸ் வாயைத் திறந்தார். வரவில்லை. கண் கீழே இறங்கியது. ஊசி குத்தித் தூக்கியிருந்த துணியின் இடுக்கில் அவர் கலியோப்பியைப் பார்த்தார்.

அவர் முகம் மாறியதை அவள் பார்த்தாள். நாற்பத்திரண்டு வயதில் அங்கே பயம் இருக்கும், பயத்துக்குப் பின்னால் ‘சீக்கிரம் சொல்லுடி’ என்ற ஒரு திருட்டுத்தனமும் இருக்கும். இப்போது அந்தத் திருட்டுத்தனம் இல்லை. அவள் மூன்று வார்த்தையை முணுமுணுத்தாள். அவர் காதுக்கு எட்டவில்லை. தலையை லேசாகச் சாய்த்தார். அவள் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். அவர் உதடு அசைந்தது, வேறு ஏதோ ஒரு வார்த்தை வந்து பாதியில் நின்றது. எண்பது பேரில் ஒருவர்கூட இருமவில்லை. மூன்றாவது தடவை அவள் சொன்னது முதல் வரிசைக்கே கேட்டிருக்கும்.

அப்போது இருட்டிலிருந்து ஒரு பெண்ணின் குரல், தாழ்வாக, நல்ல மனசோடு வந்தது: “ஐயோ பாவம்.”

மெல்போ ‘கட்’ சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அந்த மௌனத்தை முடித்து வைத்தவள் மிர்சினிதான். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தாள், குனிந்தாள், துணியைத் தூக்கினாள். விளக்கு கலியோப்பியின் முகத்தில் அடித்தது.

“கலியோப்பி,” என்றாள் மிர்சினி, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடும் குரலில். “முப்பது வருஷமா இங்கயேவா இருக்க? சாப்பிட்டியா?”

“இல்ல,” என்றாள் கலியோப்பி. அது அவள் வாயிலிருந்து தானாக வந்தது.

“வெளிய வாடி. முட்டி என்னத்துக்கு ஆகும்? இந்தாளுக்குப் பேச வராதுன்னு ஊருக்கே தெரியும், நீ ஏன் கீழ கிடந்து சாகற?”

கிடங்கின் கூரை அதிர்ந்தது. எண்பது பேரும் காலைத் தரையில் தட்டிச் சிரித்தார்கள். கேமராக்காரன் தோள் குலுங்கியதில் படமே ஆடியது என்று பிறகு சொன்னார்கள். கலியோப்பி நான்கு காலில் தவழ்ந்து வெளியே வந்து, மேசையைப் பிடித்து எழுந்து நின்று, கையில் தாளோடு என்ன செய்வதென்று தெரியாமல் பார்வையாளர்களைப் பார்த்து முழித்தாள். மறுபடி சிரிப்பு. அது அடங்கும்போது ஸ்திராதிஸ் அங்கே இல்லை. கதவை அடித்துச் சாத்தவில்லை, கத்தவில்லை. மேலங்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மெல்போ ஒரு படிவத்தை நீட்டினாள்.

“நேத்து ராத்திரி பூரா அதையே திரும்பத் திரும்பப் பாத்தேன். இந்த சீசன்லயே உயிரோட இருக்கற ஒரே நிமிஷம் அதுதான். அப்படியே போடப் போறேன்.”

“ஸ்திராதிஸ்?”

“அவர் ஒப்பந்தத்துல எடுத்த எதையும் போடலாம்னு இருக்கு. மிர்சினியும் அப்படித்தான். உங்களோடதுதான் வேற. நீங்க நடிகை இல்லயே. முகம் வருது, அதனால உங்க கையெழுத்து வேணும்.”

கலியோப்பி படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். “திங்கக்கிழமை தரேன்,” என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் பஸ் பிடித்து நேயா ஸ்மிர்னியில் இருக்கும் ஸ்திராதிஸின் வீட்டுக்குப் போனாள். அவர் பால்கனியில் உட்கார்ந்து பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். மடியில் தட்டு, காலடியில் பாத்திரம். அவளைப் பார்த்ததும் காலால் இன்னொரு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். அவள் உட்கார்ந்து ஒரு கை பீன்ஸை எடுத்துக்கொண்டாள்.

“யாரு யோசனை?” என்றார்.

“மெல்போவோடது.”

“அவளுக்கு எப்படித் தெரியும்?”

“நான்தான் சொன்னேன்.”

அவர் ஒரு பீன்ஸை உடைத்து, நாரை இழுத்து, பாத்திரத்தில் போட்டார். “முப்பது வருஷம் வாயைத் தொறக்கல. இப்ப என்ன வந்துச்சு உனக்கு?”

“நானும் அதுல இருந்தேன்னு யாருக்காவது தெரியட்டும்னு தோணிடுச்சு.”

கீழே தெருவில் யாரோ காரை நிறுத்த இடம் கிடைக்காமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். அது ஓய்ந்ததும் அவர் இன்னொரு பீன்ஸை எடுத்தார்.

“விருது குடுத்தப்ப உன் பேரைச் சொல்லல, இல்ல?”

“சொல்லல.”

“சொல்லணும்னுதான் மேடை ஏறினேன்.”

“ஏறினதும் மறந்துட்டியா?”

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு தட்டு மடியிலிருந்து நழுவும் அளவுக்குச் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிதறின பீன்ஸை இரண்டு பேரும் குனிந்து பொறுக்கினார்கள்.

“அந்தப் பொம்பளை ‘ஐயோ பாவம்’னு சொன்னது கேட்டுச்சா உனக்கு?” என்றார் பொறுக்கிக்கொண்டே.

“கேட்டுச்சு.”

“நாப்பத்திரண்டு வயசுல முழிச்சா திருட்டு முழி. எழுபத்திரண்டுல முழிச்சா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். முழி அதே முழிதான்.” அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “வசனத்தை மூணு மாசம் முன்னாடியே குடுங்கன்னு கேட்டது யாருன்னு நெனச்ச? நான்தான். தினமும் எழுந்ததும் நாலு தடவை, குளிக்கும்போது ரெண்டு தடவை. தப்பு வந்தா அதுக்கு இப்ப வேற அர்த்தம். அதனால ஒரு தப்பும் வரக் கூடாதுன்னு இருந்தேன். தப்பு வரலேன்னா சிரிப்பும் வராதுன்னு எனக்கும் தெரியும். நான் என்ன முட்டாளா?”

“வகுப்புல என்ன சொல்லிக்குடுத்த இருபது வருஷமா?”

“மூச்சு, அப்புறம் எண்ணிக்கை. மனசுக்குள்ள ஏழு எண்ணச் சொன்னேன். பசங்க எண்ணுச்சுங்க.” கொஞ்சம் நிறுத்தி, “ரெண்டு மூணு பேருக்கு நல்லாவே வந்துச்சு, அதுதான் ஆச்சரியம்,” என்றார்.

கலியோப்பி பையிலிருந்து படிவத்தை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

“உன் முகம், உன் கையெழுத்து. என்னைக் கேக்காத.”

“உன்னைத்தான் கேக்கறேன்.”

“நல்லா வந்திருக்கா?”

“புதுசுல அதைவிட நல்லது ஒண்ணுமில்ல. பழசுலயும் அந்த அளவுக்கு நாலஞ்சு இடம்தான் இருக்கும்.”

அவர் தலையாட்டினார். நல்ல சரக்கு எது என்று தெரிந்தவரின் தலையாட்டல் அது. பிறகு சொன்னார்: “அப்படின்னா வேணாம்.”

“ஏன்?” என்றாள் அவள்.

“எல்லாரும் சிரிப்பாங்க. அதுல எனக்கு ஒண்ணுமில்ல, சிரிக்கத்தானே நான் இருக்கேன். ஆனா அப்புறம் கடைக்குப் போனா எங்கிட்ட மெதுவாப் பேசுவாங்க. ஒவ்வொரு வார்த்தையா, குழந்தைக்குச் சொல்ற மாதிரி. பாக்கி சில்லறையை என் உள்ளங்கையில வெச்சு விரலை மூடி விடுவாங்க.” அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். “சாப்பிட்டுட்டுப் போ. தக்காளி போட்டுத்தான் பண்றேன்.”

திங்கட்கிழமை அவள் வெற்றுப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள். மெல்போ அதைக் கையில் வாங்கவில்லை. மேசைமேல் இருக்கட்டும் என்பது போலப் பார்த்தாள்.

“சொன்னவங்களும் நீங்க. தடுக்கறவங்களும் நீங்க.”

“ஆமா,” என்றாள் கலியோப்பி.

“ஜனங்க எங்களைக் கிழிக்கறாங்க. தெரியுமில்ல?”

“தினம் காலையில ரொட்டிக் கடையில கேக்கறேன்.”

மெல்போ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கெட்டவள் இல்லை அவள். தனக்கு மிகவும் பிடித்த ஒன்றைத் தன் கையாலேயே உயிரில்லாமல் செய்துகொண்டிருப்பதை வாரா வாரம் பார்க்க வேண்டியிருந்தவள். அந்த வாரத்துக்குப் பிறகு கலியோப்பியிடம் அவள் ஃபிரிட்ஜ் கதவைப் பற்றி மட்டும் பேசினாள். கதவை இடது பக்கம் மாற்றவும் செய்தாள்.

மேசைக் காட்சியை வேறு எண்பது பேரை உட்கார வைத்து, முதலில் எழுதியிருந்த வசனத்தோடு எடுத்தார்கள். ஸ்திராதிஸ் சுத்தமாகச் செய்தார். கை தட்டினார்கள். அது ஒளிபரப்பான மறுநாள் ஒரு பத்திரிகை, ‘பழைய வீடு, பழைய நாற்காலி, யாரும் இல்லை’ என்று தலைப்பு வைத்தது. அந்த வியாழக்கிழமை கிடங்கில் இருந்த ஒரு பெண், தான் பார்த்ததை இணையத்தில் எழுதினாள். மேசைக்கு அடியிலிருந்து ஒரு அம்மா வந்தார், வாழ்க்கையில் இவ்வளவு சிரித்ததில்லை என்று. கீழே நாற்பது பேர் பதில் எழுதியிருந்தார்கள். பாதிப் பேர், அப்படி ஒன்று இருந்தால் போடாமல் விடுவார்களா, கதை விடாதே என்றார்கள். மீதிப் பேர் மிர்சினியின் முகத்தைப் பற்றிப் பேசினார்கள்.

பத்துப் பாகத்தோடு முடிந்தது. அடுத்த வருஷம் கிடையாது என்று சேனல் இரண்டு வரியில் அறிவித்தது. கலியோப்பி பத்தையும் டிவியில் பார்த்தாள். ரொட்டிக் கடையில் பேசிக்கொண்டதில் தப்பில்லை என்றுதான் அவளுக்கும் தோன்றியது. ஒன்பதாவதில் ரிட்சா தனியாக உட்கார்ந்து சித்தப்பாவின் உயிலைப் படிக்கும் இடம் மட்டும் நன்றாக இருந்தது. அது சிரிப்புக் காட்சி அல்ல.

கடைசி நாள் வேலை முடிந்த மறுவாரம், கலியோப்பி, ஸ்திராதிஸ், மிர்சினி மூன்று பேரும் ரஃபீனா துறைமுகத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மத்தியானம் சந்தித்தார்கள். தீவுகளுக்குப் போகும் கப்பல் ஒன்று புறப்பட ஊதிக்கொண்டிருந்தது. மிர்சினி தலையில் துணி கட்டிக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். அதனாலேயே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வறுத்த நெத்திலி வந்து பாதி தீர்ந்திருந்தபோது, பக்கத்து மேசையில் மனைவியோடு வாக்குவாதம் செய்துகொண்டிருந்த ஒரு தடித்த மனிதர் எழுந்து வந்தார். சட்டையில் கப்பல் கம்பெனி முத்திரை இருந்தது.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். எனக்கும் என் சம்சாரத்துக்கும் ஒரு சண்டை. புதுசும் நல்லாத்தான் இருக்குங்கறா அவ. நான் சொல்றேன், பழசோட காலடிக்கு வருமா? நீங்களே சொல்லுங்க.”

மிர்சினி கண்ணாடியைக் கீழே இறக்கி ஸ்திராதிஸைப் பார்த்தாள். கலியோப்பி மீனைக் கீழே வைத்தாள்.

“பழசுதான் நல்லா இருந்துச்சு,” என்றார் ஸ்திராதிஸ்.

“பாத்தியா!” என்று அந்த மனிதர் மனைவி பக்கம் திரும்பிக் கத்தினார். மறுபடி இவரிடம் குனிந்தார். “ஏன் சார் அப்படி? என்ன காரணம்?”

“அப்ப எனக்கு வசனம் தெரியாது. ஒரு வரிகூடத் தெரியாது. இவங்கதான் மேசைக்கு அடியில உக்காந்து எடுத்துக் குடுப்பாங்க,” என்று கலியோப்பியைக் கையால் காட்டினார். “நான் பயந்து போய்க் கீழ பாப்பேன். நீங்க சிரிச்சீங்க.”

அந்த மனிதர் ஒரு விநாடி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்து, ஸ்திராதிஸின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். “எப்படி சார் முகத்தை இப்படி வெச்சுக்கிட்டுச் சொல்றீங்க! இதைப் போட்டிருக்கலாம்ல டிவியில?” சிரித்துக்கொண்டே தன் மேசைக்குப் போய், மனைவியிடம் அப்படியே சொல்லிக் காட்டினார். அவள் எட்டிப் பார்த்துக் கலியோப்பிக்குக் கை ஆட்டினாள்.

“நம்பலயா அந்தாளு?” என்றார் ஸ்திராதிஸ்.

“யோவ், முப்பது வருஷம் கழிச்சுச் சொன்னா யாரு நம்புவா?” என்ற மிர்சினி, கடைசி நெத்திலியை எலுமிச்சைச் சாற்றில் புரட்டிக் கலியோப்பியின் தட்டில் போட்டாள். “நீ சாப்பிடு. சுரைப்பூ பொரியல் வேற சொல்லியிருக்கேன்.”

சாப்பிட்டு முடித்து மூன்று பேரும் பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள். ஸ்திராதிஸ் அடுத்த மாதம் ஒரு நாடகத்தில் சின்ன வேஷம் இருப்பதாகச் சொன்னார். இரண்டே காட்சி, ஊமைக் கிழவன். கலியோப்பி ஒத்திகை எத்தனை நாள் என்று கேட்டாள். நாற்பது என்றார்.